பத்தொன்பதாவது நிமிடம்

மூன்று தாள்களிலும்
அதே இடத்தில் ஒரு முளை.
பத்தொன்பதாவது நிமிடம், கொஞ்சம் தள்ளி.
கொடைக்கானலில் குன்றுக்கா பஞ்சம் என்று
கருவியின் மேல் பழியைப் போட்டு
குழாயைக் கழுவி
வெறும் கரைப்பானை ஓடவிட்டேன்.
காற்றில்லாத நாளின் ஏரி மாதிரி
தட்டையாக வந்தது.
மறுபடி மன்னவனூர்ப் பொட்டலம்.
மறுபடி அந்தக் குன்று.

பிரித்தபோதே தெரிந்திருக்க வேண்டும்.
மொட்டெல்லாம் கொட்டைப்பாக்காய் இறுகி
மேசையில் விழுந்தால் டக்கென்றது.
போன வருடம் இதே தோட்டத்துச் சரக்கு
மூடி திறக்கும் முன்பே
எலுமிச்சைப் புல்லும் ஈரச் சாக்குமாய்
அறைக்குள் வந்து நின்றது.
வாட்ச்மேன் சூசை கேட்டிலிருந்தே
"அக்கா, சாமியார் வந்துட்டாரா?" என்றார்.
இந்த முறை
சூசைக்கு ஒன்றும் தெரியவில்லை.

வேலப்பன் போனில் மறைக்கவில்லை.
"ஆயக்குடியில மச்சானோட மாந்தோப்புக்கு வாங்கினது மேடம்,
அரை பாட்டில் மிச்சம்.
செடி கூரையை முட்டி பாலித்தீனைக் கிழிக்குது.
வேர்ல ஆளுக்கு ரெண்டு மூடி ஊத்தினேன்.
அப்புறம் பாத்தா குள்ளமா, கெட்டியா,
தராசுல எடை நிக்குது.
மாங்காய்க்கு ஊத்தலாம்,
இதுக்கு ஊத்தக் கூடாதா?"

நியாயமான கேள்வி வேலப்பன்.
மாம்பழத்தைக் கழுவலாம்,
தோல் சீவலாம்,
கொட்டையைத் தூக்கி எறியலாம்.
புகைக்குத் தோல் கிடையாது.

இருநூறு டிகிரியில் அது என்னவாக மாறும்,
நுரையீரலில் எங்கே உட்காரும்,
ஈரல் எத்தனை நாள் சுமக்கும்?
இரண்டு இரவு தேடினேன்.
எலிக்கு ஊட்டிப் பார்த்திருக்கிறார்கள்.
நான் படித்தவரை
எந்த எலியும் இழுத்து ஊதவில்லை.
என்னிடமிருக்கும் அளவுப் பட்டியலில்
மாவுக்கு ஒரு எண், ஆப்பிளுக்கு ஒரு எண்,
இந்தச் செடிக்கு நேரே சின்னக் கோடு.
கோடு என்றால் பூஜ்யமில்லை.
யாரும் இன்னும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

ஜெசிந்தா, ஆனந்தகிரி நான்காவது தெரு.
பதிவேட்டில் முப்பத்தோராம் எண்.
கருப்பையை எடுத்த பிறகு
இரண்டாம் சுற்றுக் கீமோவில் இருக்கிறாள்.
கஞ்சித் தண்ணீர்கூடத் தங்காத நாட்களில்
மூன்று இழுப்பு,
அப்புறம் அரை இட்லி.
எனக்குச் சம்பளம் கொடுப்பது
அந்த அரை இட்லியைப் பரிசோதிக்கத்தான்.

வளராதே என்று சொல்கிற மருந்து அது.
நீளாதே, அங்கேயே நில் என்று
தண்டிடம் சொல்கிறது, தண்டு கேட்கிறது.
ஜெசிந்தாவின் கட்டியிடமும் ஒரு வார்த்தை
சொல்லிவிட்டுப் போகலாம்.
சொல்லாது.

'ஏற்கத்தக்கதல்ல' என்று தட்டச்சு செய்தேன்.
மூன்று கிலோ எண்ணூறு கிராம்.
அரைத்து, சுண்ணாம்பு கலந்து,
ஏட்டு ஒருவர் கையெழுத்துப் போட
குழிக்குள் போனது.
வேலப்பன் அந்தப் பக்கம் திரும்பி நின்று
பீடி பற்றவைக்க
நாலு குச்சி ஆனது.

நான்கு மாதம்.
அடுத்த அறுப்பு.
காலி பாட்டிலைப் படமெடுத்து அனுப்பியிருந்தான்,
குழந்தை வேலப்பர் மேல் சத்தியமும் கூடவே.
மொட்டு கொஞ்சம் இளகியிருந்தது.
சூசை மூக்கை உறிஞ்சிவிட்டு
"பாதி சாமியார்" என்றார்.

பத்தொன்பதாவது நிமிடம்.
குன்று இல்லை,
கரையான் புற்று அளவுக்கு ஒன்று.
அவன் நிறுத்திவிட்டான்.
மண் இன்னும் நிறுத்தவில்லை.
அது சத்தியம் செய்யவும் இல்லை.

ஜெசிந்தா கூப்பிட்டாள்.
"நேத்து அரை இட்லியும் இல்ல மேடம்."
புகார் மாதிரி இல்லை,
மழை பெய்தது என்பது போல.
"வந்துருச்சா?"

மிஷின் ஓடிக்கிட்டிருக்கும்மா என்றேன்.
ஓடவில்லை.
தாள் என் கையில்தான் இருந்தது,
இன்னும் சூடு ஆறாமல்.