உள்நாட்டுப் பயணம்

ஜில்லோ விமான நிலையம், பதினேழாம் கவுண்டர்.
டிசம்பர். குளிர்சாதனம் பெயருக்கு ஓடுகிறது.
பலகையில் பாரிஸ், இரவு ஒன்பது முப்பது.

அவர் பெயர் ழான்-இவ் கார்ப்பாய்.
கருப்பையாவோ கருப்பாயியோ
யாரோ ஒருவர் கப்பலேறி
இறங்குவதற்குள் தேய்ந்தது போக மிச்சம்.
முப்பத்தொரு அறுவடை கரும்பு லாரி ஓட்டியவர்,
புவா-ரூழ் ஆலை வாசலில்
வரிசையில் நின்றே பாதி ஆயுள் போனவர்.
விமானம் இதுதான் முதல் தடவை.

"எவ்வளவு?" என்றார்.
"ஒன்பதாயிரத்து முந்நூற்று ஐம்பது."
"கிலோவா?"
தராசையும் பெட்டியையும் பயத்தோடு பார்த்தார்.
"கிலோமீட்டர், மெஸ்யே."

கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது.
தீவைச் சுற்றிவர இருநூற்றுப் பத்து.
"அப்படியென்றால் நாற்பத்து நாலு சுற்று.
மிச்சத்தில் சேன்-ழோசேப் வரை போகலாம்.
அங்கே என் மச்சான் இருக்கிறான்."
பாரிஸ் வந்து
மச்சான் வீட்டு மாமரத்தடியில் நின்றது.

கடவுச்சீட்டு கேட்கவில்லை நான்.
அடையாள அட்டை போதும்.
மடகாஸ்கர், முழு ஆப்பிரிக்கா,
ஒரு பாலைவனம், ஒரு நடுக்கடல்,
எல்லாவற்றுக்கும் மேலே பறந்தாலும்
காகிதத்தில் இது உள்நாட்டுப் பயணம்.

நான் காரைக்கால்காரி.
அறுபத்திரண்டில் எங்கள் வீட்டில் ஒருவர்
போட்ட கையெழுத்தால் பிரெஞ்சுக்காரி.
இங்கிருந்து சென்னை, இதில் பாதித் தூரம்தான்.
அதற்கு விசா, மொரீஷியஸில் ஓர் இரவு,
மும்பையில் நாற்காலி பிடித்து ஒரு பகல்.
பிறந்த மண்ணுக்கு நான் வெளிநாட்டுப் பயணி.
இதை அவரிடம் சொல்லவில்லை.
வரிசை நீளம்.

"இரவு ஒன்பதரைக்குக் கிளம்பி
காலை ஐந்தே முக்காலுக்கு இறங்குகிறது.
எட்டே கால் மணி நேரம்தானே?"
"பதினொன்றே கால்.
அங்கே கடிகாரம் மூன்று மணி பின்னால்."
"அந்த மூன்று மணி யாருக்கு?"
"உங்களுக்குத்தான். திரும்பி வரும்போது
பிடித்துக்கொள்வார்கள்."
"வட்டி உண்டா?"
பின்னால் நின்ற பெண் சிரித்துவிட்டாள்.

தராசு இருபத்தேழு காட்டியது. நாலு கிலோ அதிகம்.
ஓரமாகப் போய்ப் பெட்டியைத் திறந்தார்.
செய்தித்தாளில் சுற்றிய லிச்சிக் கொத்துகள்,
பாட்டிலில் மிளகாய் விழுது,
லீலில் இருக்கும் மகள் கேட்டாளாம்,
எரிமலைக்கல்லில் குடைந்த சின்ன உரல்.
லிச்சியைத் தொட்டார். உரலைத் தொட்டார்.
மறுபடி லிச்சியைத் தொட்டார்.
"பழம் அழுகும். கல் காத்திருக்கும்" என்று
உரலை என் கவுண்டரில் வைத்தார்.
"வரும்போது வாங்கிக்கொள்கிறேன்."

சரி என்றேன்.
பயணச்சீட்டை அதன் பிறகுதான் முழுதாகப் பார்த்தேன்.
போவது மட்டும்.
திரும்பும் நாள் இருக்க வேண்டிய கட்டத்தில்
ஒன்றும் இல்லை.

அவருக்குத் தெரியுமா,
மகள்தான் எடுத்து அனுப்பினாளா,
கேட்கலாம்தான். இருக்கை எண் சொன்னேன்.
நாற்பத்து நாலு, ஜன்னல்.
"சுற்றுக்கு ஒன்று" என்று
விரலால் தட்டிக்காட்டிப் போனார்.

மூன்று மணி நேரம் அவர் கணக்கில் நிற்கிறது.
உரல் என் மேசையில்.
பேனா, கிளிப், ரப்பர் முத்திரை போட்டுவைக்கிறேன்.
கையை விட்டால்
அடியில் இன்னும் பூண்டு வாசம்.