பதினொன்று

பதினாறாம் வளைவில் மண் சரிந்து
மூன்று நாளாக ஏற்காட்டுக்கு யாரும் ஏறி வரவில்லை.
லாட்ஜில் நானும், ஜெனரேட்டர் பார்க்கும் இருதயமும்,
ஏழாம் நம்பர்க்காரர் மறந்துவிட்டுப் போன
பேக்கமன் பலகையும்.

பாதை திறந்ததும் சேலம் இறங்குவது யார்,
அதுதான் பந்தயம்.
அவன் மகளுக்கு ஞாயிறன்று புதுநன்மை.
எனக்குக் காரணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை,
அம்மாபேட்டை வெயிலில் ஒரு நாள் வியர்க்க வேண்டும்.

வெட்டுப்பட்ட என் காய் வெளியே நிற்கிறது.
அவன் வீட்டின் ஆறு வாசலில்
நான்கில் இரண்டிரண்டாய்க் காவல்.
ஒன்றாம் வாசல் காலி.
நாலாவதில் அவன் காய், துணையில்லாமல்.

பகடை கையில். இன்னும் உருட்டவில்லை.
கேட்டது விழும் என்றால்
எதைக் கேட்பது?

இரட்டை ஆறு கேட்பவர்கள் கேட்கட்டும்.
ஆறாம் வாசல் அடைப்பு;
அவ்வளவு பெரிய எண்ணை வைத்துக்கொண்டு
கை கட்டி உட்கார வேண்டியதுதான்.
இரட்டை நாலு வெட்டும், பிறகு ஓடும், ஓடும்,
என் வீட்டு ஓட்டை மட்டும் அப்படியே கிடக்கும்.
நாலும் ரெண்டும். அதுதான்.
நாலு வெட்டும், ரெண்டு ஓட்டையை அடைக்கும்.

முப்பத்தாறில் உள்ளே விடுபவை இருபது.
மலைப்பாதையின் வளைவுகளும் இருபது
(அதனால் ஒன்றுமில்லை, தோன்றியது).
நாலு உள்ளவை பதினொன்று.

உருட்டினேன்.
தாயமும் மூணும்.

தாயம் விழக் கட்டைக்கு முத்தம் கொடுத்தவள்தான் ஒரு காலத்தில்.
இப்போது 'ச்சே' என்று ஒன்றில் இறங்கி,
மூணை வேறெங்கோ நகர்த்தி,
பகடையை எடுத்துவிட்டேன்.

எடுத்த பிறகு தெரிந்தது.
இறங்கிய காயையே மூன்று நடத்தியிருந்தால்
நாலு.
பதினொன்று இல்லை, பதிமூன்று.

இருதயம் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
அடுத்த உருட்டில் அந்த ஒற்றைக்குத் துணை வைத்தான்.
வெளியே ஜெனரேட்டர் ஒருமுறை இருமியது.

ஞாயிறு மாலை பஸ்ஸிலிருந்து இறங்கி
கவுண்டரில் ஒரு பொட்டலம் வைத்தான்:
தட்டுவடை செட், காரம் தூக்கலாக.
"அக்கா, பாத்துட்டேதானே விட்டீங்க?"

பீட்ரூட் துருவல் விரலெல்லாம்.
வாய் நிறைய இருந்தது.
தலையை எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று
நினைவில்லை.