மூச்சுக் கணக்கு

டூபாவுக்கு ஆள் இல்லையென்று
சின்னப்பாலம் வந்து என்னைக் கேட்டான் எமரிட்.
பாசி எடுக்கிறவள், மூச்சு நிற்குமாம்.

நிற்கும்.
கடலுக்கடியில் பிடித்துத்தான் பழக்கம்,
விட்டுப் பழக்கமில்லை.
முதல் வாரம் ஆடு கத்தியதுபோல் இருந்தது.

ஐந்து பித்தளை, ஐந்து பேர்.
காலையில் வேர்க்கோட்டில் அடக்கம்,
மாலையில் பாம்பனில் கல்யாணம்.
நடுவே சட்டையை மட்டும் மாற்றினார்கள்.
மணல் புகுந்த டிராம்போனுக்குத்
தேங்காயெண்ணெய் விட்டான் கஸ்பார்.
அடக்கத்துப் பாட்டையே வேகமாக ஊதினான் நம்புவேல்.
யாருக்கும் தெரியவில்லை,
பெண்ணின் அம்மாவைத் தவிர.
அவள் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பந்திக்குப் பின்னால்
வால்வைத் திறந்து கவிழ்த்தேன்.
என் மூச்சு தண்ணீராகிச் சொட்டியது.
விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பே இல்லை.
என் உடம்பிலிருந்து இப்படியொரு தண்ணீர்
வந்ததேயில்லை.