தணிக்கை நாள்

ஜெர்மன் பார்ட்டி ஆடிட்டுக்கு வருகிறது என்றால்
முதல் நாளே வேனுக்குச் சொல்லிவிடுவேன்.
இரண்டாம் தளம், நூற்புப் பிரிவு,
பதினாலு வயதுக்குக் கீழே முப்பத்தொன்று.
எந்தக் கோப்பிலும் ஏறாத எண்.
என் தலையில் இருந்தது. இன்னும் இருக்கிறது.

காலை எட்டு மணிக்குக் கப்பலூர் கேட்டில் ஏற்றி
தலைக்கு ஒரு புளியோதரைப் பொட்டலம் கொடுத்து
திருமலை நாயக்கர் மகாலில் இறக்கிவிட வேண்டும்.
ஆறு மணிக்கு முன்னால் வண்டி திரும்பக் கூடாது.
செலவுச் சீட்டில் ‘ஊழியர் நலம்’ என்று எழுதி
கீழே போடுவேன்:
மங்கையர்க்கரசி, பொது மேலாளர்.
கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பார்கள்.

வந்தவர் நல்ல மனிதர்.
தீயணைப்பானில் தேதி பார்த்தார்,
கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று
தானே உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தார்.
பஞ்சுத் தூசிக்கு முகமூடி கேட்டார்.
ஒன்றுதான் இருந்தது, கொடுத்தோம்.

மறுநாள் சாப்பாட்டு வரிசையில்
கருமாத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒச்சம்மாள்
தட்டோடு என்னைத் தேடி வந்தாள்.
“மேடம், அந்தத் தூண நாங்க மூணு பேரு
கை கோத்துக் கட்டிப் பாத்தோம். எட்டவே இல்ல.
அடுத்த ஆடிட்டு எப்ப மேடம்?”

அன்றைக்கே வேலையை உதறியதாக
மேடைகளில் என்னை அறிமுகம் செய்கிறவர்கள் சொல்கிறார்கள்.
கைதட்டுகிறார்கள். நான் திருத்துவதில்லை.

உதறவில்லை.
இன்னும் இரண்டு வருடம். மூன்று ஆடிட்.
ஒரு தீபாவளி போனஸில்
நாராயணபுரம் வீட்டுக்கு மாடி எழும்பியது.
விட்டது ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை.
முதுகுவலி என்று எழுதிக் கொடுத்தேன்.
அதுவும் பொய்யில்லை.

இப்போது குழந்தைகள் நலக் குழுவின் தலைவர்.
ஒரு கால் ஆடும் மேசை,
அடியில் மடித்துச் சொருகிய பழைய சம்மன்.
மாட்டுத்தாவணியில் ராத்திரி ரெண்டு மணிக்குப் பிடித்து வந்த பையன்
பெயர் கேட்டால் மூன்று பெயர் சொல்கிறான்,
மூன்றுக்கும் திரும்பிப் பார்க்கிறான்.
தொட்டிலில் விட்டுப் போன பெண் குழந்தையின் படிவத்தில்
எடை: ஒரு கிலோ எண்ணூற்றித் தொண்ணூறு.
பேனா நின்றுவிட்டது.
எங்கள் மில்லில் ஒரு கோன் நூலும் அதே எடை.
கிராம் குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

போன ஆவணியில் ஒரு தகவல் வந்தது,
திருமங்கலம் தாண்டி ஏதோ மில்லில் பிள்ளைகள் என்று.
லேபர் ஆபீசர் ஜீப்பை எடுத்தார்.
“நீங்கள் மில்லுக்குப் போங்கள் சார்” என்றேன்.
ஆட்டோக்காரர் கேட்டார், “எங்கம்மா?”
“மகால்.”

டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனேன்.
வளைவுகளில் புறா,
முற்றத்தில் வெயில்,
தூணுக்குத் தூண் பளிச்சென்று சுடிதார்கள்.
தனியாக அடையாளம் காட்ட வேண்டியதில்லை.
எவ்வளவு எண்ணெய் வைத்து வாரினாலும்
காது மடலுக்குப் பின்னால் கொஞ்சம் பஞ்சு நிற்கும்.
கூட வந்த சூப்பர்வைசர் என்னைப் பார்த்ததும்
செருப்பைக் கூட மாட்டாமல் வெளியே நடந்தான்.

பத்தொன்பது.
டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

யாரென்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் ஒருத்தி கையை நீட்டினாள்,
“யக்கா, ஒரு ஆளு கொறையிது, வாங்க.”
பையைக் கீழே வைத்தேன்.
சுண்ணாம்பு கன்னத்தில் குளிர்ந்தது.
இடது கை அவளிடம்.
வலது கை தூணைத் தடவித் தடவிப் போய்
எதையும் தொடவில்லை.

பிறகுதான் சொன்னேன்.
பெயர், ஊர், வயது, இனி எங்கே தங்குவது.
யாரும் மகிழவில்லை.
ஒன்று கேட்டது, “அப்ப அட்வான்ஸ் காச அப்பாட்ட கேப்பாங்களா?”
இன்னொன்று அழவே தொடங்கிவிட்டது.
“நாங்க இன்னும் சாப்பிடவே இல்லக்கா.”

படியில் உட்கார்ந்து பிரித்தோம்.
புளியோதரை.
நூல் கட்டியிருந்த முடிச்சைப் பார்த்ததுமே தெரிந்தது,
அதே கடை.