சைரன் போடாத வண்டி

செவ்வாய்க்கிழமைகளில் எனக்குத் தீ கிடையாது.
பெலெம் நகரத்து மாமரச் சாலைகளில்
சிவப்பு வண்டியை மெதுவாக ஓட்டிப்போய்
வீடு வீடாகப் பால் வாங்குகிறேன்.
காப்பித்தூள் தீர்ந்த கண்ணாடிப் பாட்டில்,
கொதிநீரில் போட்டெடுத்த பிளாஸ்டிக் மூடி,
உள்ளே
உறைந்த தாய்ப்பால்.

முதல் வாரம் நிலையத்தில் சிரித்தார்கள்.
"வால்டெசிர், தண்ணீர்க் குழாயையும் எடுத்துப்போ!"
நானும்தான் சிரித்தேன்.
நர்ஸ் லூசிக்ளெய்டே என்னை உள்ளே கூட்டிப்போய்க்
கண்ணாடிப் பெட்டியில் கிடந்ததைக் காட்டும்வரை.
எழுநூற்று நாற்பது கிராம்.
என் தலைக்கவசம் அதைப்போல் இருமடங்கு.
வேளைக்கு இரண்டு மில்லி, மூக்கு வழியே,
நூல் மாதிரி ஒரு குழாயில்.
"மாவுப்பால் இந்தக் குடலுக்குத் தாங்காது,
புண்ணாகிவிடலாம்.
இது உள்சுவரில் பூச்சுப் பூசும்,
நோய் வந்தால் நிற்கக் காவலும் வைக்கும்."
கொத்தனார் மகள் அவள்,
அப்படித்தான் பேசுவாள்.

டெஜானிரா மூன்றாவது மாடி. லிஃப்ட் ஓடி நான் பார்த்ததில்லை.
ஒரு பக்கம் மகன் குடித்தால்
மறுபக்கம் தானாக வடிகிறதாம்,
துணியில் விட்டுத் துவைக்க மனம் வரவில்லையாம்.
பாட்டிலைத் தந்துகொண்டே சொன்னாள்:
"பெற்ற மூன்றாம் நாள்
இவன் உறிஞ்ச உறிஞ்ச அடிவயிறு பிடித்து இழுத்தது.
திரும்பவும் பிரசவமோ என்று அலறினேன்.
கருப்பை தன் இடத்துக்குத் திரும்புகிறதாம்,
உதிரம் நிற்கிறதாம்.
குடித்தது அவன்.
தைத்து மூடியதும் அவன்தான்."
முகம் சிவந்து நான் பனிக்கட்டியைச் சரிசெய்தேன்.

இவனில்டே படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கிறாள்.
இரண்டு படகுகளுக்கு இடையே
கயிறும் மிதவையும் அடுக்கிய அறையில்
கதவுக்கு முதுகு கொடுத்துப் பீய்ச்சுகிறாள்.
மேலாளர் வெளியே கடிகாரத்தைப் பார்க்கிறார்.
"நேரம் தவறினால் கட்டிக்கொள்ளும்,
கல் மாதிரி, காய்ச்சலோடு. அவருக்கு எப்படிச் சொல்ல?"
அக்காவுக்கு மார்பில் கட்டி எடுத்தார்கள்.
பால் கொடுத்தால் அந்தப் பயம்
கொஞ்சம் குறையுமாம்.
இல்லாமல் போகாதாம்.
"கொஞ்சம் குறைந்தால் கசக்கிறதா?" என்கிறாள்,
கோபமாக, யாரிடமோ.

என் பட்டியலில் இல்லாத பெயர் ஜுரேமா.
எழுநூற்று நாற்பது கிராமின் அம்மா.
அவளுக்குப் பால் வரவில்லை.
வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு
அந்தப் பெட்டியருகே நிற்பாள்.
பதினாறு வருடம் இந்த வேலை செய்கிறேன்,
அந்த நெருப்பை எட்டும் ஏணி
எங்கள் நிலையத்தில் இல்லை.
யாரோ தந்த பாலை லூசிக்ளெய்டே குழாயில் விட்டாள்.
துளி இறங்குவதை
ஜுரேமா வாயைத் திறந்தபடி பார்த்தாள்,
தானே விழுங்குவதுபோல.
வயிற்றில் பால் வார்த்தது என்பது
அன்று எனக்கு வெறும் பேச்சு இல்லை.
இரண்டு மில்லி.

பிறகு குழந்தையைத் தூக்கி
அவள் வெற்று மார்பில் படுக்கவைத்தார்கள்,
தினமும், மணிக்கணக்கில்.
பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ
அவளுக்குச் சுரந்தது.
கால் கரண்டி, மஞ்சளாக.
அதை அளந்து எழுதியவளுக்குக் கை நடுங்கியது என்றார்கள்.
நான் பார்க்கவில்லை. அன்று வியாழன்,
சாவடியோரம் ஒரு மரக்கிடங்கு எரிந்தது.

இன்று திரும்பும் வழியில் மாலை மழை.
வண்டிக் கூரையில் மாங்காய்கள் விழுகின்றன.
ரேடியோ கூப்பிட்டது:
சந்தைப் பக்கம் குப்பைத் தீ, நீதான் கிட்டத்தில் இருக்கிறாய்.
"பெட்டியில் பதினொரு பாட்டில்," என்றேன்,
"உருகிவிடும்."
இரைச்சல்.
பிறகு அந்தப் பக்கத்துக் குரல்,
பெண் பிறந்து ஐந்து மாதமான ஒஸ்மாரின் குரல்:
"வேறு வண்டி போகிறது.
நீ பள்ளம் பார்த்து ஓட்டு."