ஒட்டி வைத்த வரி

ஹைகிரவுண்ட் ரோட்டு ஸ்கேன் சென்டரில்
பன்னிரண்டு வருஷமாக நான் டைப்பிஸ்ட்.
கல்லீரலில் கொழுப்பு, இரண்டாம் நிலை:
இங்கிலீஷில் ஒரே வரி.
இப்போதெல்லாம் அதை அடிப்பதுகூட இல்லை,
நேற்றைய ஆளிடமிருந்து எடுத்து
இன்றைய ஆளுக்கு ஒட்டுவேன்.
மேலப்பாளையத்துக்கும் அதே வரி
முக்கூடலுக்கும் அதே வரி
பெயரும் வயதும்தான் மாறும்.

சித்திரையில் ஒரு மத்தியானம்
கரண்ட் போய் வந்த நேரம், கூட்டமில்லை,
சும்மா போய்ப் படுத்தேன்.
ஜெல் குளிர்ந்தது.
டாக்டர் கொம்பையா திரையை என் பக்கம் திருப்பினார்.
சிறுநீரகம் கறுப்பாய், ஒழுங்காய்.
பக்கத்தில் ஈரல்
அசனப் பந்தலில் ட்யூப்லைட் போட்டது மாதிரி.
வெளிச்சத்தை வியாதி என்று
வேறெங்கும் சொல்லக் கேட்டதில்லை நான்.
"ஒட்டிக்கோ" என்றார்.
ஒட்டினேன்.
ஜெபக்கனி, பெண், 43.

"நீ குடிக்கவே மாட்டியேட்டி?"
என்றார் வீட்டுக்காரர்.
மூணு கரண்டி சீனி போட்டு
ஒரு நாளைக்கு அஞ்சு காப்பி.
அதைத்தான் குடித்தேன்.

எதிர்வீட்டு அமலி கீழாநெல்லி பறித்து வந்தாள்.
அது மஞ்சளுக்குள்ளது அமலி,
எனக்கு வந்தது வெள்ளை.
ராஜபுஷ்பம் ஒரு டப்பா கொண்டுவந்தாள்,
ஈரலைக் கழுவும் பச்சைப் பொடி,
இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது, தவணையும் உண்டு.
வாங்கிவிட்டேன்.
கொம்பையா மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்:
"ஈரல் என்ன அண்டாவா, கழுவ?"
மீன் எண்ணெய் மாத்திரையாவது?
"சாளை வாங்கித் தின்னு. பொரிக்காதே.
சாயங்காலம் நட."
டப்பா ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது,
கேஸ்காரருக்குக் கொடுக்கச் சில்லறை போட்டு வைக்க.

சோறு பாதியானது. பாதித் தட்டில் அவரைக்காய்.
பரோட்டா சால்னாவோடும் இல்லை
சால்னா இல்லாமலும் இல்லை.
சொதி மாசம் ஒருதரம், அன்றைக்கு மட்டும்
யாரும் என்னோடு பேசக்கூடாது.
ஆவணியில் கோயில் அசனம்.
இரண்டாம் அகப்பை வந்தபோது
இலைமேல் கையை விரித்தேன்.
சபையை விட்டு விலகினவளைப் பார்ப்பதுபோல்
பார்த்தான் பரிமாறின தம்பி.

வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடக்கையில்
எதிரே வருகிற முகமெல்லாம் தெரிந்த முகம்.
முக்கூடல் பீடிக் கம்பெனி கணக்கர்,
மேலப்பாளையம் டெய்லர்,
தாலுகா ஆபீஸ் அம்மா.
நான் ஒட்டின வரிகள்
கை வீசி, வேர்த்து, நடந்து போகின்றன.
"ஏக்கா, நீங்களுமா?"
ஆமாம், நானும்தான்.
காலையில் என்ன சாப்பிடுதீங்க என்று
ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம்,
குற்றம் விசாரிக்கிற மாதிரி.

ஐப்பசி மழையில் மறுபடி படுத்தேன்.
அஞ்சரைக் கிலோ குறைந்திருந்தேன்.
திரையில் பந்தல் இன்னும் இருந்தது,
பாதி ட்யூப்லைட்டை யாரோ அணைத்திருந்தார்கள்.
"முன்னைக்குக் குறைந்திருக்கிறது, முதல் நிலை.
அடி" என்றார் டாக்டர்.

எடுத்து ஒட்டப் பழைய ஃபைல்களில் தேடினேன்.
பன்னிரண்டு வருஷத்தில் அப்படி ஒரு வரி
என்னிடம் இல்லை.
திரும்பி வந்தவர்கள் குறைவு.
ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன்.
கை பழகாததால் நடுவில் ஒரு எழுத்து விட்டுப்போனது,
கவனிப்பதற்குள்
அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.