ஆம்பியர் மணி

ஹீயுமா தீவு. அக்டோபர்.
படகின் பெயர் தீர்.
அவர்கள் மொழியில் அது ஆலாப் பறவை.
நம் காதில் வேறு மாதிரி விழும்,
விழட்டும்.

ஹெல்வே கடைக்குள் நுழைந்தபோது
இடுப்பில் அணைத்தபடி ஒரு செத்த பாட்டரி,
பழைய காரிலிருந்து பிடுங்கியது.
"இரண்டு கோடை தாங்கவில்லை" என்றாள்,
என்னவோ கால்யோதான் கொன்றதுபோல.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.
காரில் இதற்கு ஒரே வேலை.
ஒரு மூச்சு உறுமல்,
பிறகு நாளெல்லாம் உட்கார்ந்து தின்னலாம்.
தகடுகள் அப்பள மெலிவு.
நீ இதை ராவும் பகலும்
ஒட்டக் கறந்திருக்கிறாய்.

"சரி, எதைத்தான் வாங்க?"

தடித்த தகட்டு ஈயம் இருக்கிறது,
மெல்லக் கொடுக்கும்,
ஆனால் பாதிக்கு மேல் குடித்தால் ஆயுள் குறையும்.
இருபத்துமூன்று கிலோ.
உன் படகுத்துறையில் பலகை எத்தனை உடைந்திருக்கிறது?
"நாலு."
லித்தியம் ஆறே கிலோ,
அடிவண்டல்வரை குடிக்கலாம்,
விலை மூன்று மடங்கு.
உறைபனிக் கொட்டகையில் சார்ஜ் போட்டால் மட்டும் கெட்டுவிடும்.
சமையலறைக்குள் கொண்டுபோய் வைப்பாயா?
"பூனை படுக்கும் இடம் அது."

அட்டைப்பெட்டியைக் கிழித்துக்
கணக்குப் போட்டார் கால்யோ.
வாரம் இருமுறை வலை.
விளக்குக்கு நாலு மணி நேரம், அரை ஆம்பியர்.
ஆழமானிக்கும் அவ்வளவே.
மொத்தம் எட்டு.
இயந்திரம்?
"கயிறு இழுத்துத்தான்."
எட்டுதானா, என்று நிமிர்ந்தார்.
எட்டுக்கா ஒரு கார் பாட்டரி செத்தது?

ஹெல்வே சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.
அங்கே பார்க்க ஒன்றுமில்லை,
ஒரு டிராக்டர், அதுவும் நின்றிருந்தது.

"பம்ப் ஒன்று இருக்கிறது."
எவ்வளவு ஓடும்?
"பத்து நிமிடத்துக்கு ஒருதரம்.
அரை நிமிடம்."
எப்போது?
"எப்போதும்."

பென்சில் கொஞ்ச நேரம் நகரவில்லை.
பிறகு நகர்ந்தது.
நாளுக்கு எழுபத்திரண்டு நிமிடம், மூன்று ஆம்பியர்,
வாரத்துக்கு இருபத்தைந்து.
எட்டு உனக்கு, ஹெல்வே.
இருபத்தைந்து ஓட்டைக்கு.

அவளுக்குத் தெரியாததா?
மூன்றாம் பலகைக்கும் நாலாம் பலகைக்கும் நடுவே,
ஒரு நகம் நுழையும் அகலம்.
போன வசந்தத்தில் அடைக்கலாம் என்றிருந்தாள்.
அதற்கு முந்தைய வசந்தத்திலும்.
துறைமுகத்தில் டிக்கெட் கிழிக்கிற வேலையில்
வசந்தம் என்பது
கப்பல் கூடுதலாக வரும் பருவம், அவ்வளவுதான்.
பம்ப் சத்தம் வீட்டுக்குக் கேட்கும்.
கேட்டால் படகு மிதக்கிறது என்று பொருள்.
புரண்டு படுத்துக்கொள்ளலாம்.

அன்று அவள் வாங்கியது
ஒரு உருண்டை சணல், ஒரு டப்பா தார்.
கால்யோவுக்குத் தன் கணக்கின்மேலேயே எரிச்சல்.
பெரிய பாட்டரியை
உறைக்குள் திரும்பத் தள்ளினார்.

எட்டு நாள் கழித்து வந்தாள்,
நகங்களில் கறுப்பு.
இருபது ஆம்பியர் மணி, மூடி அடைத்த ஈயம்,
ஆறு கிலோ, ஒரு கையில் போதும்.
கழிவு கேட்டாள். கொடுக்கவில்லை.

அன்றிரவு பம்ப் ஓடவில்லை.
பத்து நிமிடம் பார்த்தாள்.
இன்னும் பத்து.
பாட்டரி செத்துவிட்டதா,
படகே போய்விட்டதா,
அல்லது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதா,
மூன்றுக்கும் ஒரே மௌனம்.

இரண்டு மணிக்குக்
கோட்டை மாட்டிக்கொண்டு,
உடைந்த நாலு பலகையையும் தாண்டிப் போய்
டார்ச் அடித்தாள்.

தீர் மிதந்துகொண்டிருந்தது.
அடியில் ஒரு விரற்கடைத் தண்ணீர்.

மாலையில் தூறியது.
மழையாக இருக்கலாம்.